திதலையும் தோல்வரியும்: சொல்லும் மருத்துவமும்

கருவுற்ற மகளிர் வயிற்றிலும், பருவமெய்தும் இளையோர் தொடையிலும் முதுகிலும் தோன்றும் நீண்ட வரிகளைக் குறித்தற்கு இக்காலத் தமிழில் நிலைபெற்ற சொல் ஒன்று இல்லை. பிரசவத் தழும்பு என்பார் சிலர். பிரசவக் கோடு என்றும் வயிற்று வரி என்றும் கூறுவார் வேறு சிலர். ‘ஸ்ட்ரெச் மார்க்’ என ஆங்கிலப் பெயரையே வழங்குவார் பலர். பெயர் எதுவாயினும் பொருள் விளங்கினாற் போதுமன்றோ எனின், இவ்விடத்து அது போதாது. இவ்வரிகளைப் போக்குவன எனக் கூறி விற்கப்படும் எண்ணெயும் களிம்பும் மிகப் பல. மக்கள் அவற்றிற்குச் செலவிடும் பொருளும் மிகுதி. வரியைத் தழும்பென்று கருதுவோர் ஒரு மருந்தையும், தேமலென்று கருதுவோர் மற்றொரு மருந்தையும் நாடுவர். சொல் பிழைத்தவிடத்து மருந்தும் பிழைக்கும். ஆதலின் பொருளின் இயல்பையும், அதற்கு இன்றுள்ள மருத்துவத்தின் அளவையும், தமிழில் அதற்குரிய சொற்களின் வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடைத்தெனக் கருதுகின்றோம்.

முதற்கண் பொருளியல்பைக் காண்பாம். தோல் இரண்டு அடுக்குகளால் ஆயது. மேலுள்ளது மெல்லிய புறத்தோல். நிறம் தரும் கருமணிகள் இதன்கண் உள்ளன. அதன் கீழுள்ளது அகத்தோல். இதுவே தோலின் வலிமைக்கு நிலைக்களம். அகத்தோலிற் கொலாஜன் என்னும் புரத நார்கள் கயிறுபோற் பின்னிக்கிடந்து உறுதி தருகின்றன. எலாஸ்டின், ஃபைப்ரில்லின் என்பன நீண்டு சுருங்கும் இயல்பைத் தருகின்றன. இந்நார்க்கட்டு அற்றுச் சிதையுமிடத்துத் தோன்றுவதே நாம் ஆராயும் வரி. எனவே இது புறத்தோலின் மேற் படிந்த கறையன்று. அகத்தோலினுள் நேர்ந்த முறிவு. மேற்பூச்சுகள் பல பயன்படாமைக்குக் காரணம் இவ்வொன்றிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. இவ்வரியின் நுண்ணமைப்பை உருப்பெருக்கியின் வழிக் கண்டெழுதிய முதற் குறிப்பு 1889ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் துருவாசியே, மெனெத்ரியே என்பாரால் வெளியிடப்பட்டது என்பர்.

நார் அறுதற்குக் காரணம் தோல் இழுபடுதல் மட்டுமே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இழுபடுதலும் ஒரு காரணமே. ஆயினும் அது முழுக்காரணமன்று. ஒரே அளவிற்கு வயிறு பெருத்த இருவருள் ஒருத்திக்கு வரி விழுகின்றது, மற்றொருத்திக்கு விழுவதில்லை. தாய்க்கு வரி இருந்தால் மகட்கும் வருதல் பெரும்பான்மை. 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, எலாஸ்டினை ஆக்கும் மரபணுவிற்கு அண்மையிலுள்ள வேறுபாடுகளோடு இவ்வரிகட்குத் தொடர்புண்டு எனக் காட்டிற்று. இளவயதிற் கருவுறுதல், கருவுற்ற காலத்து உடலெடை மிகக் கூடுதல், குழந்தை பெரிதாதல் என்பனவும் சார்பு காரணங்கள். இவற்றொடு சுரப்புநீர்களின் செயலும் கூடும். உடலிற் கார்ட்டிசால் என்னுஞ் சுரப்பு மிகுமாயின், கொலாஜனை நெய்யும் உயிரணுக்கள் தம் தொழிலிற் குன்றிவிடுகின்றன. 1932இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் விளக்கிய நோயில், அகன்ற செந்நீல வரிகள் வயிற்றில் தோன்றுதல் தலையாய குறிகளுள் ஒன்றாகும். ஆண்டு அதனைப் போக்குதற்கு முயல்வதினும் அதனைக் கொண்டு நோயை அறிவதே மருத்துவன் கடன்.

வயிற்றைச் சொறிந்தால் வரி விழும் என்று நம் இல்லங்களில் மூத்த மகளிர் கருவுற்றார்க்குக் கூறுதல் யாவரும் கேட்டதே. தோல் இழுபடும்போது அரிப்பு உண்டாதல் உண்மை. வரி விழுமிடத்திலேயே அரிப்புத் தோன்றுதலும் உண்மை. ஆயின் முன்னது பின்னதற்குக் காரணமன்று. இரண்டும் ஒரு காரணத்தின் இரு விளைவுகள். சொறியாதிருந்தும் வரி விழக்கண்ட பெண், தான் சொறிந்ததனாலன்றோ இது வந்ததெனத் தன்னையே நொந்துகொள்ள வேண்டுவதில்லை.

வரிக்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் அது செந்நிறமாகவோ செந்நீலமாகவோ, சிறிது புடைத்தும் அரிப்புற்றும் இருக்கும். அவ்விடத்துக் குருதி நுண்குழாய்கள் விரிந்திருத்தலும், அழற்சிக்குரிய அணுக்கள் குழாய்களைச் சூழ்ந்திருத்தலும் இதற்குக் காரணம். திங்கள் பல கழிய அழற்சி தணிந்து, குழாய்கள் சுருங்கி, வரி வெளுத்துச் சிறிது பள்ளமாகி, மேலே நுண்ணிய சுருக்கங்களோடு நிலைபெறும். இஃது இரண்டாம் நிலை. மேலைநாட்டு நூல்கள் முதல் நிலையைச் செவ்வரி எனவும் பின்னதை வெண்வரி எனவும் இலத்தீனிற் பெயரிட்டு வழங்குகின்றன. கருமை கலந்த நம் நாட்டார் தோலில் முதல் நிலையின் செம்மை விளங்கித் தோன்றுவதில்லை; கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தோன்றும். ஆகவே நூலிற் செம்மையைத் தேடிக் காணாது, தன் வரி பழையதெனக் கருதிவிடுதல் நம்மவர்க்கு எளிதில் நேரும் மயக்கம். சிகிச்சையின் பயன் வரியின் நிலையைப் பொறுத்ததாகலின் இம்மயக்கம் சிறிதன்று.

பிறமொழிகள் இதற்கு இட்ட பெயர்களை ஒருசிறிது நோக்குவாம். இலத்தீன் மருத்துவப் பெயர் உழுசாலையும் தூணிற் செதுக்கிய நீள்பள்ளத்தையும் குறிக்கும் சொல்லினடியாகப் பிறந்தது. செருமானியர் ‘கருப்பக்காலக் கீற்று’ எனப் பொருள்படும் தொடரை வழங்குவர். பிரெஞ்சுப் பெயர் பிரம்பு எனப் பொருள்படும் சொல்லோடு உறவுடையது; பிரம்படி பட்ட இடம்போல் இருத்தல் நோக்கி எழுந்தது போலும். இவ்வுவமை வெறுங் கற்பனையன்று. விரைந்து உயரும் இளைஞர் சிலர்க்கு முதுகிற் குறுக்காகத் தோன்றும் வரிகளைக் கண்டு, இவரை யாரோ அடித்தனர் எனப் பிறழவுணர்ந்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன.

இனித் தமிழிற்கு வருவாம். மகளிர் மேனியில் தோன்றும் புள்ளியும் கீற்றுமாகிய நிறவேறுபாட்டைச் சுணங்கு, திதலை, தித்தி, துத்தி என்னுஞ் சொற்களாற் பழம்புலவர் குறித்தனர். உரையாசிரியர் இவற்றிற்கெல்லாம் பெரும்பாலும் தேமல் என்றே பொருள் எழுதிச் சென்றனர். ஒரு பொருள் குறித்த பல சொல்லாக இவற்றைக் கொள்ளலாமோ என்பது ஆராய்தற்குரியது. சுணங்கிற்கு வந்த உவமைகளைத் தொகுத்து நோக்கின் வேங்கைப் பூவும் பூந்தாதும் மிக்கு வருதலைக் காண்கின்றோம். சிதறிக்கிடக்கும் சிறு புள்ளியே அங்கு உவமைக்கு நிலைக்களமாயிற்று. திதலைக்கோ திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் கூறும் உவமை வேறு. கட்டளைக்கல்லிற் பொன்னை உரைத்தவிடத்துத் தோன்றும் கீற்று அவ்வுவமை. உரைகல்லிற் பொன் விட்டுச்செல்வது புள்ளியன்று, கோடு. கரிய பின்புலத்தில் ஒளியுடைய மெல்லிய வரி என்னும் வடிவம் இதனாற் பெறப்படும்.

நற்றிணை 370ஆம் பாட்டு இவ்வாராய்ச்சிக்கு இன்னும் அணுக்கமானது. புதல்வனை ஈன்று, வெண்சிறுகடுகு விரவிய நெய் பூசிக் கிடக்கும் தலைவியைத் தலைவன் அணுகி, நீ இனி மூத்த பெண்ணாயினை எனச் சொல்லி விளையாடுகின்றான். அவள் நாணங் கலந்த முறுவலொடு கண்ணைக் கையாற் புதைத்துக்கொள்கின்றாள். மகப்பேற்றின் வழி அவள் எய்திய அந்நிலையைக் கூறுமிடத்தே திதலை பேசப்படுகின்றது. அத்திதலைக்கு வரி என்னுஞ் சொல்லே அடையாய் வருகின்றது. அவ்வரியும் அழகிய வரி எனச் சிறப்பிக்கப்படுகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி திதலைக்குத் தேமல் என்னும் பொருளோடு, ஈன்ற பெண்டிர்க்குள்ள வெளுப்பு நிறம் என்பதனையும் வேறொரு பொருளாகத் தருதல் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவற்றைக் கொண்டு திதலை என்பது மகப்பேற்று வரியே எனத் துணிந்துவிடலாமோ எனின், ஆகாது என்போம். முருகாற்றுப்படையில் திதலை உடையராகக் கூறப்படுவோர் வானுலக மகளிர், ஈன்ற தாயரல்லர். மணமாகா இளமகளிர்க்கும் திதலை கூறிய இடங்கள் உள. பருவமெய்துங்காலத்து இடையிலும் மார்பிலும் வரி விழுதல் இயல்பாகலின் அதனையும் திதலையுள் அடக்கலாமெனச் சிலர் வாதிக்கக்கூடும். ஆயினும் புலவர் கண்டது இன்னதென உருப்பெருக்கி வைத்துக் காண்பார்போல் இன்று உறுதி கூறுதல் இயலாது. நாம் கொள்ளத்தக்கது இத்துணையே: மேனியிற் படரும் ஒளிர்நிறக் கீற்றுகட்குத் திதலை பொதுப்பெயர், மகப்பேற்று வரி அதனுள் அடங்குதற்கு நற்றிணைப் பாட்டு இடந்தருகின்றது. அக்காலத்துப் புலனெறி அதனை மறைக்கத்தக்க குறையென்று கருதவில்லை என்பது மட்டும் ஐயமின்றித் துணியப்படும். மருத்துவன்பாற் சென்று இதனைப் போக்குக எனக் கேட்கும் நிலை அப்பாட்டின் உலகில் இல்லை.

இவ்விடத்து மாணாக்கர் ஓர் இடர்ப்பாட்டினை உணர்தல் வேண்டும். உரையாசிரியர் எழுதிய தேமல் என்னுஞ் சொல் அவர் காலத்து அழகுக் குறியாகிய பொன்னிறப் படர்ச்சியைக் குறித்தது. இன்று அச்சொல், மலசீசியா என்னும் பூஞ்சையால் தோலில் உண்டாகும் வெளிறிய புள்ளி நோய்க்கே வழங்குகின்றது. அதற்கு மருந்து பூஞ்சைக்கொல்லிக் களிம்பு. சங்கநூல் பயிலும் மாணாக்கர் தலைவியைத் தோல்நோயுடையாள் எனக் கருதி நகைத்தலும், வயிற்று வரியைத் தேமலெனக் கேள்வியுற்ற பெண் பூஞ்சைக் களிம்பை நாள்தோறும் பூசிப் பயன்காணாது சலித்தலும் இச்சொற்றிரிபின் இருவேறு விளைவுகள். முன்னதனை வகுப்பறையில் ஒரு சொல்லாற் களையலாம், பின்னது பொருட்கேடு.

தழும்பு என்னுஞ் சொல் நோய்க்கூற்றின்படி பிழையன்று. வெண்வரியின் அகத்தோலை நுணுகிப் பார்க்குங்கால் கொலாஜன் மெலிந்து, ஒருபோகாக, தோலின் மேற்பரப்பிற்கு இணையாகக் கிடத்தலைக் காண்கின்றனர். காயம் ஆறிய தழும்பிலும் இதனையொத்த அமைப்பே உளது. ஆயினும் புறத்தோல் இங்குக் கிழியவில்லை. புண் என ஒன்று இல்லை. வடு என்னுஞ் சொல்லோ பழி, குற்றம் என்னும் பொருள்களையும் உடன்கொண்டு வருவது. மகப்பெற்ற வயிற்றிற்கு அதனை இடுதல் நமக்கு உடன்பாடன்று. புலிக்கும் அணிலுக்கும் இயற்கை தந்த கோட்டினை வரி என்றே தமிழர் வழங்கினர். நற்றிணையிலும் அச்சொல் உண்டு. தோல்வரி எனப் பொதுவாகவும், கருவுற்றார்க்கு வருவதனை மகப்பேற்று வரி எனச் சிறப்பாகவும் வழங்கலாம். செவ்வரி என்பது மட்டும் மயக்கம் தரும். மகளிர் கண்ணின் வெண்பகுதியிற் படரும் சிவந்த கீற்றிற்கு அது பழைய வழக்காயிற்று. அதனால் இளவரி, முதுவரி என நிலைபற்றிப் பிரித்தல் நன்றென எண்ணுகின்றோம். மேற்கூறியாங்கு நிறம் நம் தோலில் வேறுபடுதலானும் இப்பிரிவு பொருந்தும்.

இனி மருத்துவத்தை ஆராய்வாம். எச்சிகிச்சையும் செய்யாதிருந்தாலும் இளவரி ஆறு திங்கள் முதல் ஓர் ஆண்டு அளவிலோ அதற்கு மேலோ நிறம் மங்குதல் இயற்கை. இவ்வியற்கை மாற்றமே ஆராய்ச்சிக்குப் பெரும் இடையூறாய் நிற்பது. மகப்பேற்றின் பின் ஒருத்தி ஆறு திங்கள் ஓர் எண்ணெயைப் பூசி வரி மங்கக் கண்டால், எண்ணெயினாற் போயிற்றென்பாள். பூசாதிருப்பினும் அது மங்கியிருக்கும். ஆதலின் மருந்துடைய களிம்பை ஒரு சாரார்க்கும் மருந்தற்ற வெற்றுக் களிம்பை மற்றொரு சாரார்க்கும் கொடுத்து, எது யாருடையது என்பதனைப் பூசுவோரும் அளப்போரும் அறியாவண்ணம் ஒப்பிட்ட ஆய்வுகளையே சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

வரி வாராமற் காத்தற்கெனக் கருவுற்ற காலத்துப் பூசப்படுவனவற்றை அத்தகைய ஆய்வுகள் எவ்வாறு கண்டன? கொக்கோ வெண்ணெய் மேலைநாடுகளிற் பெரும்புகழ் பெற்றது. 2008இல் லெபனான் நாட்டில் முதன்முறை கருவுற்ற 175 மகளிரிடத்தும், 2010இல் ஜமைக்காவில் 300 மகளிரிடத்தும் அது சோதிக்கப்பட்டது. வெற்றுப் பூச்சினின்றும் வேறுபாடு காணப்படவில்லை. ஆலிவ் எண்ணெய் பற்றி ஈரான் நாட்டில் நடந்த ஆய்வுகளும் தெளிவான நன்மையைக் காட்டவில்லை. 2012இல் காக்ரேன் அமைப்பினர் 800 மகளிரை உள்ளடக்கிய ஆறு ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு, வரி வாராமற் காப்பதாக எந்த மேற்பூச்சிற்கும் உயர்ந்த சான்று இல்லை எனக் கூறினர்.

தமிழர்க்கு ஆர்வம் தரும் ஒரு பொருள் இவற்றிடையே உண்டு; அது வல்லாரை. நினைவாற்றலுக்கென நாம் கீரையாக உண்ணும் அம்மூலிகையின் சாறு, கொலாஜன் ஆக்கத்தைத் தூண்டவல்லதெனக் கருதி, மேலைநாட்டுக் களிம்புகள் பலவற்றிற் சேர்க்கப்படுகின்றது. 1991இல் ஸ்பெயின் நாட்டவர் வெளியிட்ட ஆய்வொன்றில், வல்லாரைச் சாறும் உயிர்ச்சத்து ஈயும் பிறவும் கலந்த களிம்பைப் பூசியோருள் 100க்கு 34 பேர்க்கும், வெற்றுக் களிம்பு பூசியோருள் 100க்கு 56 பேர்க்கும் வரி உண்டாயிற்று. வேறுபாடு கருதத்தக்கதே. ஆயினும் ஆய்வை முடித்தோர் 80 மகளிரே. களிம்பிலோ பல பொருள்கள் கலந்திருந்தன. அவற்றுள் நன்மை செய்தது வல்லாரையா, உடன்கலந்த பிற பொருளா என்பது அவ்வாய்வினால் விளங்காது. வல்லாரையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பெருமை மேலைநாட்டில் நிறுவப்பட்டதென முழங்குவாரை நாம் பின்பற்றல் வேண்டா. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ பூசுதலால் வறட்சியும் அரிப்பும் தணியும்; அத்துணைக்கு அது நன்று. விலை மிகுந்த குப்பிகளும் அதனினும் மிகுதியாகச் செய்வன என்பதற்குச் சான்று குறைவு.

தோன்றிய வரியை மாற்றுதற்குரிய மேற்பூச்சுகளுள் நன்கு ஆராயப்பட்டது ட்ரெட்டினாயின். உயிர்ச்சத்து ஏயின் வழிப்பட்ட அமிலமாகிய இது அகத்தோலிற் கொலாஜன் ஆக்கத்தை ஊக்குவது. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் இளவரியுடைய 22 பேர் பங்கேற்றனர். 100க்கு 0.1 அளவு செறிவுடைய களிம்பை ஆறு திங்கள் பூசிய பதின்மருள் எண்மர்க்குத் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. வெற்றுக் களிம்பு பூசிய பன்னிருவருள் ஒருவர்க்கே அவ்வாறாயிற்று. மருந்து பூசியோர் வரி நீளத்தில் 100க்கு 14 பங்கும் அகலத்தில் 8 பங்கும் சராசரியாகக் குறைந்தது. மற்றையோர்க்கோ அவை கூடின. இவ்வெண்களை உற்று நோக்குக. முன்னேற்றம் எனப்பட்டது வரி சிறுத்தலேயன்றி மறைதலன்று. செறிவு குறைந்த, 100க்கு 0.025 அளவினதாகிய களிம்பு 1994இல் சோதிக்கப்பட்டபோது பயன் தரவில்லை. முதுவரியில் இம்மருந்தின் ஆற்றல் குன்றுகின்றது. இதனினும் கருதத்தக்கது மற்றொன்று: ட்ரெட்டினாயினைக் கருவுற்றார் பூசலாகாது, பாலூட்டுவோரும் மருத்துவரைக் கேளாது தொடலாகாது. வரி இளமையாயிருக்கும் காலமும் மருந்து விலக்கப்படும் காலமும் பெரும்பான்மை ஒன்றாயிருத்தல் இச்சிகிச்சையின் பெருங்குறை. பருவகால வரியுடைய இளைஞர்க்கு இத்தடை இல்லை. தோல் சிவந்து உரிதல் என்னும் இடர் மட்டும் உண்டு.

லேசர் என்னும் ஒருநிற ஒளிக்கற்றை கொண்டு செய்யும் சிகிச்சை பல வகைப்படும். அலைநீளம் 585 நானோமீட்டர் அளவிலுள்ள ஒளியைக் குருதியின் செந்நிறப்பொருள் உறிஞ்சுதலால், விரிந்த நுண்குழாய்கள் சுருங்கி இளவரியின் செம்மை தணிகின்றது. முதுவரியில் உறிஞ்சுதற்குச் செம்மை இல்லையாதலின் அங்கு இதனாற் பயன் சிறிது. 2004இல் அறிமுகமான கூற்றுவகை லேசர், தோல் முழுவதையும் தாக்காது, கண்ணிற்குப் புலனாகா நுண்தூண்களாக இடையிட்டுச் சுட்டு, இடைப்பட்ட நலமான தோலிலிருந்து புதிய கொலாஜன் வளரச் செய்வது. வெண்ணிறமான முதுவரிக்கு இன்று பெரிதும் கையாளப்படுவது இதுவே. ஒரு முறையிற் பயன் தாராது. திங்களுக்கொருமுறை என்னும் அளவிற் பல அமர்வுகள் வேண்டும். 308 நானோமீட்டர் புறவூதாக் கதிர் முதுவரியிற் கருமணிகளைத் தூண்டி நிறமேற்றும். ஆயின் அந்நிறம் நில்லாமையின் சிகிச்சையை மீளமீளச் செய்தல் வேண்டும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

ஒளிச்சிகிச்சையில் தோல்நிறம் முதன்மையான செய்தி. 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் மருத்துவர் தோலை வெயிலுக்கு அது காட்டும் இயல்புபற்றி வகைப்படுத்தத் தொடங்கினார். இன்று வழங்கும் ஆறு வகைகளுள் தென்னாட்டார் பலர் நான்கு, ஐந்து என்பவற்றுள் அடங்குவர். கருமணி மிகுந்த தோலில் ஒளியின் ஒரு பங்கைக் கருமணியே உறிஞ்சிவிடும். அதனாற் குறித்த இடத்தில் வலி குறைதலேயன்றி, சுட்டவிடத்துக் கருந்திட்டு எழுதலும் உண்டு. வெள்ளிய வரியைப் போக்கப் புகுந்து கரிய பட்டையைப் பெறுதல் ஊதியமாகாது. ஐரோப்பியர் தோலில் எடுத்த நிழற்படங்களைக் காட்டி நம் நாட்டில் விளம்பரஞ் செய்தல் பொருந்தாமையும் இதனானே பெறப்படும். மருத்துவர் குறைந்த ஆற்றலில், மறைவான சிறிதிடத்திற் செய்து, சில கிழமை பார்த்திருந்து பின் தொடர்வராயின் அதனை நற்குறியாகக் கொள்க.

நுண்ணூசி முறையில் இவ்விடர் குறைவு. சிற்றூசிகள் பதித்த கருவியால் தோலை நுண்ணிதாகக் குத்தி, அக்காயங்களின் ஆற்றத்தோடு கொலாஜனை வளர்ப்பது அது. ஒளியும் மிகுவெப்பமும் இன்மையிற் கருமணிகள் அத்துணைக் கிளர்ச்சியுறுவதில்லை. கருந்தோலுடையார்க்கு இதனை முற்பட நாடும் மருத்துவர் பலர். ஊசிவழியே வானொலி அலையைச் செலுத்தும் முறையும் உண்டு. தூய்மையற்ற இடத்தில், பயிற்சியில்லாதார் கையால் இதனைச் செய்வித்தல் நோய்த்தொற்றிற்கு வழியாகும் என்பது சொல்லாமலே விளங்கும். அடிவயிற்றின் தளர்ந்த தோலை அறுத்து நீக்கும் அறுவையில் அத்தோலிலிருந்த வரிகளும் உடன்நீங்குகின்றன. வரியின் பொருட்டு மட்டும் அதனை மேற்கொள்வார் அரியர்.

வரியைக் குறைக்கும் வழிகளைக் கூறுமிடத்து வரியை உண்டாக்கும் களிம்பு ஒன்றனையும் கூறாதொழிதல் முறையாகாது. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் முதலிய ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சிவப்பழகிற்கென்றும் படர்தாமரைக்கென்றும் மருத்துவரைக் கேளாது வாங்கித் திங்கட்கணக்கிற் பூசுதல் இந்நாட்டில் மிகப் பரந்த பழக்கம். இம்மருந்து கொலாஜன் ஆக்கத்தை ஒடுக்குதலின், தொடையிடுக்கிலும் அக்குளிலும் பூசியவிடத்து அகன்ற வரிகள் தோன்றி நிலைத்துவிடுகின்றன. களிம்பை நிறுத்தினும் அவை முற்றும் மறைவதில்லை. 2018இல் இந்திய அரசு இத்தகைய மேற்பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென விதியைத் திருத்திற்று. தோன்றிய வரியை அரிப்பெனக் கருதி அதே களிம்பை மேலும் பூசுவாரும் உளர் என்பது வருந்தத்தக்கது.

எஞ்சியது வினைச்சொல் பற்றிய ஆராய்ச்சி. மொழிபெயர்ப்பிற் பயில்வார்க்கு இதுவே மிக வேண்டப்படுவது. ஆங்கில விளம்பரங்களும் களிம்புக் குப்பிகளும் வரி ‘புலப்படுதலைக் குறைக்கும்’ என்னும் கருத்துடைய தொடரையே பெரும்பாலும் வழங்குகின்றன. வரியைக் குறைக்கும் என அவை கூறவில்லை. காண்பார் கண்ணுக்கு அது தோன்றும் அளவைக் குறைக்கும் என்றே கூறுகின்றன. இது சொற்சிக்கனமன்று, சட்டத்திற்கு அஞ்சிய சொல்லாட்சி. உடலின் அமைப்பை மாற்றுவதாகக் கூறும் பொருள் மருந்தென எண்ணப்பட்டுச் சோதனைக்கு உட்படல் வேண்டுமென 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் விதித்தது. இந்தியாவில் 1940ஆம் ஆண்டுச் சட்டமும் மருந்தையும் ஒப்பனைப் பொருளையும் இவ்வாறே பிரிக்கின்றது. தோற்றத்தைப் பற்றி மட்டும் பேசுவோர் ஒப்பனைப் பொருளின் எல்லைக்குள் நின்றுவிடலாம். அத்தொடர் தமிழாகும்போது ‘தழும்பை நீக்கும்’, ‘அடியோடு போக்கும்’ எனப் பெயர்க்கப்படுகின்றது. மூலத்தில் இல்லாத வாக்குறுதி மொழிபெயர்ப்பிற் பிறக்கின்றது. ஆங்கிலம் அறிந்தார்க்கு அளந்து கூறப்பட்டது தமிழ் மட்டும் அறிந்தார்க்கு அளவின்றிக் கூறப்படுகின்றது. ஏமாற்றமும் அவர்க்கே மிகுதியாகின்றது.

தமிழில் இவ்வளவுகளைப் பிரித்துணர்த்தும் சொற்களுக்குக் குறைவில்லை. நிறம் மட்டும் குன்றுதலை மங்குதல் என்க. அகலமும் ஆழமும் குறைதலைச் சுருங்குதல், நிரம்புதல் என்க. ஒப்பனையால் தெரியாதபடி செய்தலை மறைத்தல் என்க. மறைதல் என்னுந் தன்வினையை ஆண்டு வழங்கலாகாது. போக்குதலும் நீக்குதலும் பொருள் அறவே இல்லாதொழிதலைக் குறிப்பனவாகலின், இன்றுள்ள சிகிச்சைகளுள் அறுவையொழிந்த எதற்கும் அவை பொருந்தா. ட்ரெட்டினாயின் இளவரியைச் சுருக்கும். 585 நானோமீட்டர் ஒளி அதன் செம்மையை மங்கச்செய்யும். கூற்றுவகை லேசரும் நுண்ணூசியும் முதுவரியை ஒருவாறு நிரப்பும். புறவூதாக் கதிர் சிறிது காலம் நிறமேற்றும். எண்ணெய் அரிப்பைத் தணிக்கும். இவ்வாறு எழுதப்படின் படிப்போர் தாம் எதற்குப் பொருள் கொடுக்கின்றோம் என்பதனை அறிந்து கொடுப்பர். கொடாதொழியினும் அறிந்தே ஒழிவர்.

தோல்வரியோடு மயங்கும் மற்றொரு கோடும் உண்டு. கருவுற்றார் கொப்பூழினின்று கீழ்நோக்கி நேராக ஓடும் கரிய கோடு அது, கருக்கோடு எனலாம். சுரப்புநீர் மிகுதியாற் கருமணிகள் கிளர்தலே அதன் காரணம். அகத்தோலின் நார் எதுவும் அங்கு அறவில்லை. மகப்பேற்றின் பின் சில திங்களில் அது தானே மங்கிவிடும். பிரசவக் கோடு என்னும் பெயரால் இவ்விரண்டும் ஒருங்கு வழங்கப்படுதலின், கருக்கோடு மறைந்தது கண்டு தோல்வரிக்கும் அக்களிம்பே மருந்தெனப் பிறர்க்குக் கூறுவார் உளர்.